அரைப் பாரம்

நாள் 31, காலை 7.10
நிலவு, இரண்டாம் குவிமாடம். குறுக்களவு தொண்ணூறு மீட்டர். இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த கூடு. நடுவில் தூண் கிடையாது. கதிர்வீச்சைத் தடுக்க அதன்மேல் நிலவு மண்ணைப் போர்த்துகிறோம். கிழக்கே ஒரு மெஷின், மேற்கே ஒரு மெஷின். கூடு தாங்குகிறது.
உள்ளிருந்து கண்காணிப்பவன்: வேதமாணிக்கம், வயது அறுபத்தெட்டு. குழாய்களைச் சேர்க்கும் மூட்டு என் யோசனை. வரைபடத்தில் என் பெயர் இல்லை. இதைக் கண்டெடுப்பவர் குறித்துக்கொள்ளவும்.

நாள் 32, காலை 6.40
மேற்கு மூட்டுகள் ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியுள்ளன. கிழக்கு எட்டு. அந்த ஒரு மில்லிமீட்டர் ஏன்? மேற்கை இறுக்கியவன் நான். கிழக்கை இறுக்கியவர்கள் கல்லூரிப் பிள்ளைகள்.
நிலையத்திலிருந்து பொறியாளர் பியூலா:
"ஒண்ணு ரெண்டு மில்லி வித்தியாசம் வரத்தான் செய்யும் அண்ணாச்சி. மண்ணுக்கு உங்க மேல என்ன கோவம்? சும்மா இருங்க."
சும்மா இருக்கச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

நாள் 32, மாலை 4.15
நான் பார்க்காதபோது மேற்கு மெஷின் அதிகம் கொட்டுகிறது. போய் நின்றால் மெதுவாகிறது. என் மூட்டை வளைத்துக் காட்டி என்னைப் பூமிக்கு அனுப்பத் திட்டம்.
மேற்கு மெஷினை நிறுத்தினேன். தூரத்திலிருந்து நிலையத்தார் மறுபடி ஓட்டாதபடி கட்டுப்பாட்டுக் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். கிழக்கு மெஷின் தன்போக்கில் கொட்டுகிறது. கொட்டட்டும்.

நாள் 33, காலை 8.05
பியூலா:
"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க அண்ணாச்சி? ரெண்டுக்கும் ஒரே கம்பிதான், கிழக்கு மெஷினும் எங்க பேச்சக் கேக்க மாட்டேங்கு. ஒரு பக்கமா பாரம் ஏறுது. முழுப் பாரத்த அந்தக் கூடு தாங்கும், அரைப் பாரத்தத் தாங்காது. கம்பியச் சொருகுங்க."
முழுப் பாரத்தைத் தாங்குவது அரைப் பாரத்தைத் தாங்காதாம். சுமை தூக்குகிறவனிடம் போய்ச் சொல்லட்டும், சிரிப்பான். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அதனால் யாரும் என்னை ஏமாற்றவும் முடியாது.

நாள் 33, மதியம் 12.30
மேற்கு மூட்டுகள் நிமிர்கின்றன. இறக்கம் ஒன்பதிலிருந்து மூன்று. நான் சொன்னதுதான். கிழக்கு இருபத்தாறு. இறுக்கியவர்கள் அப்படி.
பியூலா:
"மேற்கு ஏறுதுன்னு சந்தோசப்படாதீங்க. கிழக்கு அமுங்குது, அதான் மேற்கு பிதுங்குது. ஒரு மூட்டு உள்ள மடங்குனா பக்கத்துல உள்ளதெல்லாம் சேர்ந்து மடங்கும். நானே வாரேன்."
வருகிறாளாம். எதற்கு?

மாலை 3.20
வண்டி வந்தது. பியூலா கதவுக்கு வரவில்லை. நேராகக் கிழக்குச் சரிவில் ஏறுகிறாள். ரேடியோவில்:
"மெஷினக் கையாலயே நிறுத்திட்டேன். மண்ணு வழுக்குது, இறங்க முடியல. கால் கீழ அதிருது. கம்பியச் சொருகுங்க அண்ணாச்சி, மேற்குல மண்ண ஏத்தி சமன் பண்ணிரலாம். உங்கள நம்பித்தான் நிக்கேன்."

3.24
கம்பி கையில் இருக்கிறது. இரும்பைத் தொட்டால் துடிக்கிறது. சொருகினால் இரண்டு மெஷினும் அவர்கள் கைக்குப் போகும். இத்தனை நாடகமும் அதற்குத்தானோ? முதலில் நானே அளந்து பார்க்கிறேன்.

3.27
கிழக்கு ஐம்பத்தெட்டு. இருக்காது. மறுபடி.

3.28
தொண்ணூற்றேழு. அளவுக் கருவியிலும் கைவைத்திருக்கிறார்கள்.

3.29
கிழக்கே ஒரு மூட்டு உள்ளே மடங்கிவிட்டது. அடுத்ததும். மண் உள்ளே கொட்டுகிறது. ரேடியோவில் பியூலா இல்லை. மடிப்பு மேற்கே வருகிறது.
என் மூட்டு தாங்கும்.
தாங்