நாலிலிருந்து இருபத்தேழுக்கு

பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஐப்பசி, வெள்ளி இரவு

என்னப்பா நோட்டு, சுகமா? நான் சுகமில்லை.

காலையில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில், நாங்கள் இருக்கும் தெருவுக்குப் புது நம்பர் தகடு அடித்தார்கள். "அண்ணே, இனிமே நீங்க நாலு இல்ல, இருபத்தேழு. தெருவை அந்தக் கோடியிலிருந்து எண்ணச் சொல்லிட்டாங்க" என்றான் தகடு அடித்தவன்.

"அப்போ நாலு யாரு?"

"முத்தையா வீடு."

போயும் போயும் முத்தையா! அவன் சேவலை என் நாய் தின்றதிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சில்லை. நல்ல சேவல்தான், கொண்டையே ஒரு விரல் உயரம் இருக்கும். அது கிடக்கட்டும். என் பிரஜாவுரிமைக் கடிதம் நாலாம் நம்பருக்குத்தான் வரும். சத்தியம் செய்ய வேண்டிய நாள் அதில்தான் இருக்கும். தவறவிட்டால் இந்த ஊரில் நான் யார்?

மாலையில் தபால்காரன் எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கோடிக்குப் போனான்.

"போய்க் கேளுங்களேன், கடிச்சா தின்னுடுவாரு?" என்றாள் மனைவி.

"கடிச்சுத் தின்னது நம்ம நாய்டி. எந்த மூஞ்சியோட போவேன்?"

மூன்று தடவை சட்டையை மாட்டினேன், மூன்று தடவையும் கழற்றினேன். விடிந்ததும் அவன் வாசலில் நின்று முதலில் சேவலைப் பற்றிப் பேசுவதா, கடிதத்தைப் பற்றியா என்று

வெளியே யாரோ கத்துகிறார்கள். "யோவ் இருபத்தேழு! நாயைக் கட்டிட்டு வெளிய வாய்யா!" முத்தையா குரல்தான். நான்