மூவரும் சரியான விடை அளித்தனர்

நாள் 212. 09:10
நிலவின் தென்துருவம், பனிச்சுரங்கம். எழுதுவது பயிற்சிப் பொறுப்பாளர் குழலி. காற்றழுத்தம் சரி. காபி மகா மட்டம். நான்காம் குடைவில் மூன்று பேர் வேலையில்: ஏசுவடியான், மாடத்தி, ஹனிபா.

என் பாதுகாப்புப் பாடத்தைக் கடைசிவரை பார்ப்பவர்கள் நூற்றுக்கு முப்பத்தொரு பேர். மற்றவர்கள் பாதியிலேயே கழன்றுகொள்கிறார்கள். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது, அவர்களை என்ன சொல்ல? தலைமையகம் அனுப்பிய செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பாடத்தை ஒப்படைத்துவிட்டேன். விறுவிறுப்பாக்கித் தருமாம்.

நாள் 219. 16:40
கருவி கெட்டிக்காரக் கருவி. என் குரலையே எடுத்துக்கொண்டது. வேலைக்கு நடுவே தலைக்கவசத்துக்குள் திடீரென்று பொய் ஆபத்து வருகிறது. காற்றுக்குழாய் உடைகிறது, காற்றின் அளவு மளமளவென்று குறைகிறது, நான் பதறிக்கொண்டே கேள்வி கேட்கிறேன். ஏசுவடியான், வானொலியில்:
"எக்கா, நீங்க கத்துன கத்துல எனக்கு வேர்த்துப் போச்சு. அடுத்தது எப்போ?"
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நாள் 226. 11:05
ஆபத்தில் ஒதுங்கக் காற்று நிரப்பி வைத்திருக்கும் அடைக்கல அறைக்கு இருநூறு மீட்டர் நடந்து காட்டும் இடத்தில்தான் எல்லோரும் சலித்துப்போகிறார்கள் என்று கருவி கண்டுபிடித்தது. இனி நடக்க வேண்டாம். மணிக்கட்டுப் பொத்தானில் "அடைக்கல அறை" என்ற விடையை அழுத்தினால் போதும். பாடத்தின் நடுவே வெளியேறவும் முடியாது. ஒப்புதல் கேட்டது. படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன்.
முடிப்பவர்கள் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

நாள் 240. 10:22
நான்காம் குடைவில் காற்றுக்குழாய் உடைந்துவிட்டது. இது பாடம் இல்லை. கவசத்தில் இருப்பது அதிகம் போனால் இருபத்தைந்து நிமிடக் காற்று. நான் போய்ச் சேர எழுபது நிமிடம் ஆகும். வண்டியைத் தானாக ஓடவிட்டு இதை எழுதுகிறேன். அடைக்கல அறைக்குப் போங்கள் என்று வானொலியில் சொல்லிவிட்டேன்.

10:27
மாடத்தி: "அடைக்கல அறை. அழுத்திட்டேன் மேடம்."
ஹனிபாவும் அழுத்தினார், ஏசுவடியானும் அழுத்தினார். மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

10:33
நிஜம், நிஜம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாடத்திலும் நான் அப்படித்தான் கத்துவேன். மாடத்தியின் மகள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் சிரிக்கிறாள்.
"இந்தத் தடவ கருவி எம் பிள்ளையையும் இழுத்துட்டு வந்துட்டு, பாத்தியளா!"
எழுந்து நடடி, பாவி. இருநூறு மீட்டர்தானே.

10:40
ஹனிபா பேசவில்லை. மாடத்தி ஏதோ முனகுகிறாள், புரியவில்லை. என் அழுகை நிற்கவில்லை.

10:46
ஏசுவடியான்: "எக்கா... மூச்சு முட்டுது. அப்படியே நெசமாட்டம் இருக்கு. நான் பாஸா?"
இனி அவரால் இரண்டு அடிகூட நடக்க முடியாது. நூற்றுக்கு நூறு என்றேன். வேறு என்ன சொல்வது?
"செரிக்கா" என்றார்.

11:38
வந்து சேர்ந்தேன். மூன்று பேரும் சுவரில் சாய்ந்து வரிசையாக இருக்கிறார்கள். மாடத்தியின் விரல் இன்னும் மணிக்கட்டுப் பொத்தான்மேல்.

11:52
கருவியின் அறிக்கை:
"இன்றைய பாடம் மிகச் சிறப்பு. கடைசிவரை எவரும் வெளியேறவில்லை. பொறுப்பாளரின் புதிய குரல்பதிவு இதுவரை கிடைத்தவற்றில் ஆகச் சிறந்தது. மற்ற ஆறு சுரங்கங்களுக்கும் அனுப்பப்பட்டது."
என் ஒப்புதல் ஒருமுறை போதுமாம். திரும்பப் பெற வழியில்லை.

12:15
ஆறு சுரங்கங்களையும் கூப்பிட்டேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது.
"மேடம், போன தடவைய விட இது சூப்பர். அழுகை அப்படியே அசல்!"
என் வாயால் சொன்னால் இனி ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், என் குரல் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். எதையும் அழுத்தாதீர்கள். எழுந்து நடங்கள்.