சாவியைத் திருப்பிய கை

அன்றைக்கு வேனில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது. நடு சீட்டில் காலை நீட்டி, என் மடியில் தலை வைத்துக்கொண்டு நீ. உனக்கு மடியாக நான். முன் சீட்டில் உன் மருமகள் செல்வி. பின்னால், மருந்துப் பைக்கும் கம்பளிக்கும் நடுவில், நம் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து ஞானம் அண்ணன். உன்னைத் தூக்கி இறக்க ஓர் ஆம்பளை வேண்டும் என்று கூட வந்தவர். வண்டியை ஓட்டியவன் உன் மூத்த மகன். அவன் பேரை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் கோபத்தில் தாளைக் கிழித்துவிடுவேன்.

நீ கண்ணை மூடி, தீபாவளியும் வந்து போய்விட்டது, இப்போது என்னத்துக்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். போன வெள்ளிக்கிழமை பீலிக்கரையில், கொட்டுகிற தண்ணீருக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு உன் மகள் புஷ்பத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை பகலில்தான் அவள் கைக்குப் போன் வரும், உனக்குத் தெரிந்ததுதானே. நடுப்பேச்சில் என் போன் ஊமையாகிவிட்டது. தட்டினேன். காதை மாற்றி வைத்தேன். ஒன்றும் இல்லை. அப்போது ரோட்டுப் பக்கம் இருந்து, தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, புஷ்பத்தின் குரல் கேட்டது.

"பெரியம்மா, அம்மா குழிமேட்டுல புல்லு வெட்டுனாங்களா?"

உன் மகனின் வேன் பீலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. குரல் அதற்குள் இருந்து வந்தது. கோவில் திருவிழாவில் குழாய் கட்டின மாதிரி அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாக. அவள் மூச்சு விடுவது கூடக் கேட்டது. குடம் நிரம்பி என் காலெல்லாம் தண்ணீர். நான் நகரவில்லை. இதைக் கேட்கத்தானடி நீ அன்றைக்குக் கண்டியிலிருந்து ஊர் வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாய்.

உன் காது பாழானது தேயிலை ஸ்டோரில். கொழுந்தை உருட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவளுக்குக் காது எப்படி இருக்கும்? வயசுப் பெண்ணாக இருக்கும்போது நீ ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். கடைசியில் உன் காதுக்குள் போனைத் திணித்தாலும் உனக்கு விளங்கவில்லை. "குளவி கத்துற மாதிரி இருக்கு" என்பாய். என் போனில் சத்தமாக வைக்கலாம் என்றால், அதன் ஸ்பீக்கர் மழையில் நனைந்து செத்துப் போயிருந்தது. ஆனால் வேனில் மட்டும் உனக்குக் கேட்டது. உன் மகனுக்கு யாராவது கோல் எடுத்தால் வேனுக்குள் நாலு மூலையிலும் அந்தக் குரல் முழங்கும். ஒருதடவை தலவாக்கலைக்குப் போகும்போது எவனோ ஒரு காய்கறி வியாபாரி கோவா மூட்டை ஏற்ற வரச்சொல்லிப் பேசினான். நீ வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பி, "எனக்கு எல்லாம் கேட்டுச்சு புள்ள" என்றாய். கோவா மூட்டைக்கு அப்படிச் சிரித்தவள், மகள் குரலுக்கு எப்படிச் சிரித்திருப்பாய்.

கண்டி ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேனில் ஏற்றும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "இன்னைக்கி வெள்ளிக்கிழமைதானே. அவ கொரல ஒருக்கா பெருசா கேட்டுட்டா போதும்." அதைத் தவிர நீ ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை.

அதனால்தான் என் போனை அந்த வேனோடு சேர்க்கப் பார்த்தோம். அவன் போனில் பேச முடியாதே. புஷ்பம், செல்வியின் தம்பியைக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குவைத்துக்குப் போன நாளிலிருந்து, அவன் தங்கச்சி நம்பரை வர விடாமல் அடைத்து வைத்திருந்தான். அவள் பேரை என் வண்டிக்குள் சொல்லக்கூடாது என்று உன்னிடமே சட்டம் போட்டவன். பெற்றவள், மகளோடு பேச என் காம்பரா வீட்டுக்கு வந்து என் போனை வாங்க வேண்டி இருந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

தம்பியை வேண்டாம் என்று சொன்னவளுக்காகச் செல்விதான் மெனக்கெட்டாள், அதையும் எழுத வேண்டும். கம்பளை தாண்டினதும் என் போனை வாங்கி, புளூடூத்தைப் போட்டு, வேன் செட்டில் தேடினாள். அந்தச் செட்டில் எல்லாம் ஜப்பான் எழுத்து. வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு ஜப்பான்காரி உள்ளேயிருந்து என்னமோ சொல்வாளே, நீ கூட ஒவ்வொரு தடவையும் "வணக்கம்மா" என்பாயே, அவளுடைய செட்டு. போனிலும் செட்டிலும் ஒரே நம்பர் வந்தது. போனில் சரி என்று அமுக்கினாள். செட்டில் ரெண்டு கட்டம், ரெண்டும் ஒரே மாதிரி. வலது பக்கத்தை அமுக்கினாள், எல்லாம் அழிந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. பின்னாலிருந்து ஞானம் அண்ணன், "நாலு சைபர் அடி தாயி, எல்லா செட்டுக்கும் நாலு சைபர்தான்" என்றார். அவர் வீட்டு ரேடியோவுக்குக் கூட நாலு சைபர் கேட்கிற மனுஷன். செல்வி இடது கட்டத்தை அமுக்கினாள். என் போன் பேர் செட்டில் ஏறியது. ஆனால் சத்தம் வரவில்லை.

நாவலப்பிட்டியில் மறுபடி பார்த்தாள். போனை அணைத்துப் போட்டாள். என் போன் பேர் அங்கே இருக்கிறது, ஆனால் சேர மாட்டேன் என்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேரை எழுதிக்கொண்டு, வேலை கொடுக்காமல் ஓரமாக நிற்க வைப்பார்களே, அப்படி நின்றது என் போன். பிறகு செல்விக்கே விளங்கியது. அந்தச் செட்டு ஒரு நேரத்தில் ஒரு போனைத்தான் பிடிக்கும். அவன் சட்டைப் பையில் இருக்கிற போனை அது விடாமல் பிடித்து வைத்திருந்தது.

"ஒங்க போனு புளூடூத்த கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. அத்த பேசட்டும்" என்றாள்.

"ஹயர் கோல் வரும்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். தாயைச் சாகக் கொண்டுபோகிறவனுக்கு ஹயர், வாடகை ஓட்டம். ஒரு விரல் வேலை. சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் முடிந்திருக்கும். நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவன் கண்ணாடியில் கூட என்னைப் பார்க்கவில்லை. செட்டுப் பழசு, சரியாக வேலை செய்யாது என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னான். அப்போது நீ என்ன செய்தாய்? என் வாயைப் பொத்தினாய். "ஓட்டுறவன ஏசாத. மலை ரோடு." உன் மேலேயும் எனக்குக் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன்.

கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினான். உனக்குக் குளிரும் என்று எஞ்சினை ஓட விட்டுப் போனான். அந்தப் புண்ணியத்தை அவன் கணக்கில் எழுதிக்கொள். அவன் கடைக்குள் போன கொஞ்ச நேரத்தில் ஜப்பான்காரி தானாகப் பேசினாள். செல்வி துள்ளி எழுந்தாள். அவன் போன் தூரம் போனதும் செட்டு அதை விட்டுவிட்டு என்னுடையதைப் பிடித்துக்கொண்டது. சொல்லி வைத்த மாதிரி மணி அடித்தது. வேன் முழுக்க மணி. உனக்கே கேட்டது. உன் கை என் கையைத் தேடியது. ஸ்க்ரீனில் புஷ்பத்தின் பேர் வர வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது, ஜப்பான்காரிக்கு நம் எழுத்துத் தெரியாதே. ஆனாலும் நமக்குத் தெரியும் அது யார் என்று.

செல்வி பச்சையை அமுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவன் வந்துவிட்டான். கையில் பிளேன்டீ கிளாஸ். மற்றக் கையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். சாவியைத் திருப்பினான்.

மணி நின்றது. ஜப்பான்காரி செத்தாள்.

"டீசல் எரியுது" என்றான்.

என் போன் என் கையில் சின்னதாக அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்து உன் காதில் வைத்தேன். நீ தலையை ஆட்டினாய். குளவி. நான் வாங்கி, அவள் சொல்வதை உன் காதுக்குள் கத்தினேன். அம்மா சாப்பிட்டீங்களா என்கிறாள், அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்கிறாள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். "நீ சொல்றே. அவ சொல்லலயே" என்றாய். சாவியைப் போடுடா, ஒரு நிமிஷம் போடுடா என்று செல்வியும் நானும் ஞானம் அண்ணனும் கேட்டோம். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குள் அங்கே வீட்டுக்காரி கூப்பிட்டு, புஷ்பம் போனை வைத்துவிட்டாள். வண்டி கிளம்பினதும் செட்டு அவன் போனைப் பிடித்துக்கொண்டது. அட்டன் தாண்டி நம் பள்ளத்தாக்குக்குள் இறங்கினதும் சிக்னலும் இல்லை. காம்பராவில் கிடத்தும்போது நீ பேச்சை விட்டிருந்தாய். மறுநாள் தப்படித்துத் தூக்கினோம். தப்புச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்றால், அவன் புதுப் போன் வாங்கியிருக்கிறான். அதை இன்னும் செட்டில் சேர்க்கவில்லை. செட்டு பழைய பேர்களைத் தேடியிருக்கிறது. பீலிக்கரையில் நான் நின்றேன், என் போனைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஓரமாக நிறுத்தி வைத்த பேருக்கு இப்போதுதான் வேலை கொடுத்தது.

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "பெரியம்மா, கேக்குதா? அண்ணன் வெட்டுனாரா?" என்று கேட்டாள் புஷ்பம். அவனுடைய வேனில், அவனைச் சுற்றி, அவன் தங்கச்சி. மைக் அவன் தலைக்கு மேலேதான் இருக்கிறது. வாயைத் திறந்தால் குவைத்துக்குக் கேட்கும். வெட்டினேன் என்றோ வெட்டவில்லை என்றோ ஒரு சொல் சொல்லியிருக்கலாம். புல் நெஞ்சளவு நிற்கிறது, அது வேறு கதை. அவள் ஹலோ ஹலோ என்றாள். பீலிக்கரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சாவியைத் திருப்பினான்.

அதே கை. அதே திருப்பல்.

சாயங்காலம் வந்தான். என் வாசல் ஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதான். அழுகிற ஆம்பளையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புஷ்பத்திடம் அவனுக்காக நான் பேச வேண்டுமாம், நான் சொன்னால் கேட்பாளாம். "செட்டு இருக்கு, நம்பர் இருக்கு, வாயும் இருக்கு. நீயே பேசு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா என்னய மன்னிச்சிருப்பாங்கதானே, பெரியம்மா?"

"அவ பெத்தவ, மன்னிப்பா. நான் பெக்கல" என்றேன்.

இப்போது லயம் முழுக்க எனக்குப் புத்தி சொல்கிறது. ஞானம் அண்ணன் பாதருடைய பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு வருகிறார், ஏழு எழுபது தடவை மன்னிக்க வேண்டுமாம். அந்த வேனில் அவரும்தானே இருந்தார். நேற்று செல்வி வந்து, பெரியம்மா, செட்டில் இருந்து உங்கள் போன் பேரை அழித்துவிடட்டுமா, இனி இந்தத் தொல்லை வராது என்று கேட்டாள். அழிக்காதே என்று சொல்லிவிட்டேன். என்னிடம் உன்னுடைய பழைய சேலை இல்லை, உன் படம் கூட உன் மகன் வீட்டில்தான் இருக்கிறது. உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் செட்டில் ஏறின பேர் ஒன்றுதான். நீ ஆசைப்பட்டதால் ஏறினது. அவன் எப்போது இந்த ரோட்டில் வந்தாலும் அது என் போனைத் தேடட்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் புஷ்பம் பேசட்டும். அவன் சாவியைத் திருப்பட்டும், எத்தனை தடவை திருப்புகிறான் என்று பார்க்கிறேன். ஒரு தடவை திருப்பாமல் வாயைத் திறந்தால், அது அவனுக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு. அவள் மன்னித்தால் மன்னிக்கட்டும், நீயும் மன்னித்திரு. நான் உங்கள் ரெண்டு பேருக்கும் குறுக்கே வரவில்லை.

என் பங்கு எனக்கு. உன் கை என் கையைத் தேடினதை நான் கையில் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு மன்னிக்க எனக்குத் தெரியாது.

கதிர்காமத்துக்கு நடந்து போய் வரம் கேட்டு அவனைப் பெற்றாய், முருகன் பேரையே வைத்தாய். பேருக்கு ஒரு குறையும் இல்லை. கை நடுங்காமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள்:

கதிர்வேல்.