நண்டுக்கு எட்டு விநாடிப் பாட்டு

தை 5, திங்கள்
காலையில் கடும் பனி. வெயில் ஏறியபின் அப்பா அறுப்பு மெஷினோடு திருவிடைமருதூர் பக்கம்.

ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்தி முடித்துவிட்டு, தோழி கயலின் விளையாட்டுக்கு இசை. ஒரு நண்டு வரப்பு வரப்பாகத் தாண்ட வேண்டும், செல்போனில். பட்டுக்கோட்டையில் உட்கார்ந்து ஒற்றை ஆளாகச் செய்கிறாள்.

இலவச மென்பொருள். கட்டத்தில் புள்ளி வைத்தால் பழைய வீடியோ கேம் மாதிரி 'பீப்'. மெட்டு இடது பக்கம், பாஸ் என்கிற அடிநாதம் வலது பக்கம். எட்டு விநாடி, திரும்பத் திரும்ப. மெட்டு நன்றாகத் துள்ளுகிறது. பாஸ் எழும்பவே இல்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அனுப்பியாயிற்று.

தை 6, செவ்வாய்
கயல் போனில்: "என்னடி இது? வலது பக்கம் இடி இடிக்குது, காதே போயிடும் போல!"

உன் ஹெட்போன் சரியில்லை என்றேன். பிறகு என்னுடையதைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். இப்போது பாஸ் கேட்கிறது, மெட்டைக் காணோம்.

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது.

போனை எப்போதும் இடது காதில் வைப்பதால் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

தை 8, வியாழன்
அரை நாள் லீவு. தஞ்சாவூர், காது டாக்டர். சின்ன அறை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்: "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க." வலது காதுக்கு அமுக்க வேலையே இல்லை. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றார் டாக்டர்.

"மார்கழி நடுவுல காது அடைச்சுது சார். சளின்னு நெனச்சேன்."

"அன்னிக்கே வந்திருக்கணும்மா. நரம்பு. மாத்திரை தர்றேன். திரும்பும்னு உறுதியா சொல்ல முடியாது."

பஸ்ஸில் வரும்போது, என் வகுப்பில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காரும் பெண்ணின் நினைவு. "நான் கூப்டா டீச்சர் கண்டுக்கறதே இல்ல" என்றாள் போன மாதம். திட்டினேன் அவளை.

தை 9, வெள்ளி
வீட்டில் சொன்னேன். அம்மா அழுகை. "வெளில சொல்லாதடி."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு எடது காது கேட்டுப் பத்து வருஷமாச்சு. மெஷின் சத்தம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா வண்டி ஓட்ட விட்டிருப்பியா?"

ஒரே வீடு. பத்து வருடம். எனக்குக் கோபம்தான் வந்தது.

தை 18, ஞாயிறு
நேற்று மறுபடி சோதனை. தாளில் கோடு அதே இடத்தில். மாத்திரையால் வயிற்றெரிச்சல், முகம் வீக்கம். அவ்வளவுதான் கண்ட பலன்.

இன்று காலை கயலிடம் சொன்னேன். அவள், "மெட்டு, பாஸ் ரெண்டையும் ரெண்டு பக்கமும் வைடி. வேற ஆள்லாம் தேட மாட்டேன்."

மாற்றினேன். பாஸைப் பாதியாகக் குறைத்தேன்.

மதியம் அப்பா, "அந்த நண்டுப் பாட்டப் போடு." அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஒரே இயர்போன்: அவர் வலது காதில் ஒன்று, என் இடது காதில் ஒன்று.

"குருவி கத்துறாப்ல இருக்கு," என்றார். கழற்றவில்லை.