புறவாசலுக்கு வந்த நரி

அன்பு மகன் சிவகணேஷுக்கு அம்மா எழுதுவது. காந்திமதி அம்மன் புண்ணியத்துல எங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீயும் விஜயஸ்ரீயும் அந்தக் குளிர்ல எதமா உடுத்திக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பீங்கன்னு நம்புதேன். வாரம் தவறாம போன்ல முகம் பாத்துப் பேசுத அம்மா என்னத்துக்குக் காயிதம் எழுதுதான்னு பதறிராதே எய்யா. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா காதுல விழுத தூரத்துலதான் இருக்காக, அவுக கேக்க இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. சித்ரலேகா அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு, அவளைப் பாக்கப் போற சாக்குல இதைத் தபால்ல போட்டுட்டு வந்துருவேன்.

போன பனிக்காலத்துல உங்க வீட்டுத் தோட்டத்துல ஒரு நரி வந்து நின்னதை நீ போன்ல காட்டுனேல்லா, செம்பட்டையா, வால் நுனி மட்டும் வெள்ளையா. லண்டன்ல தெருவுக்குத் தெரு நரி நடமாடும், சிலபேரு சாப்பாடு வச்சுக் கொண்டாடுவாங்க, சிலபேரு குப்பைத்தொட்டியைக் கிழிச்சுப் போடுதுன்னு திட்டுவாங்கன்னு சொன்ன. அப்பா அந்த முதல் பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டாக. நாம இந்த சீவலப்பேரி ரோட்டு வீட்டுக்கு வந்ததுலருந்து பின்னால உடைமரக் காட்டுக்குள்ள அந்திக்குக் குள்ளநரி ஊளையிடத்தான் செய்யும், நான் ஜன்னலைச் சாத்திட்டு என் சோலியைப் பாப்பேன். பேங்கு வேலை முடிஞ்சு வீட்டோட இருக்க ஆரம்பிச்சபிறகு அப்பாவுக்குப் பேசவும் ஆளில்ல, எதுலயும் மனசு ஒட்டல, அது உனக்கே தெரியும். நீ நரியைக் காட்டுன மறுநாள்லருந்து சாயங்காலமானா புறவாசல்ல போய் நிக்க ஆரம்பிச்சாக. முதல்ல வாழைப்பழம் வச்சாக. அப்புறம் ஒருநாள் ஒரு பொட்டலத்தோட வந்து உள்ள வராம கிணத்தடியிலயே நின்னாக. என்னன்னு கேட்டா, கறிக்கடையில வாங்குன கோழித்தலையாம். நம்ம வீட்டுல முட்டை ஓடு கூட விழுந்ததில்ல. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவுக மாமரத்துக்குக் கீழ ஒரு அலுமினியத் தட்டுல அதை வச்சுட்டு, குளிச்சுட்டுதான் உள்ள வந்தாக. தினமும் இதே கூத்துதான்.

பொய் சொல்லக்கூடாது, அது வந்து நின்னா எனக்கும் பாக்கணும்போலத்தான் இருந்தது. சாம்பலும் காவியும் கலந்த நிறம், ஒல்லிக்கால், ஒரு காது ஓரத்துல கிழிஞ்சிருக்கும். தின்னது பாதி, வாயில கவ்விக்கிட்டுப் போறது பாதி. அடிவயிறு தொங்குததைப் பாத்து, குட்டிபோட்ட நரின்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். அன்னைக்கு அவுக மூஞ்சியில வந்த மாதிரி சிரிப்பைப் பாத்து ரொம்ப நாளாயிட்டு.

பக்கத்து வீட்டு ஃபஹ்மிதாவை உனக்குத் தெரியும், காயல்பட்டினத்துப் பிள்ளை, மாப்பிள்ளை சவூதியில இருக்காரு, சின்ன மகளை வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கா. அவ வளத்த கோழி ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு. ஒருநாள் வேலியோரம் வந்து நின்னு, சத்தம் போடாமத்தான் சொன்னா, “உங்க வீட்டுக்கு வார விருந்தாளி எங்க வீட்டுலயும் சாப்பிட்டுட்டுப் போவுது மாமா.” அப்பா அது நாயா இருக்கும்னு சாதிச்சாக. எனக்கு நாயில்லன்னு தெரியும், ஆனா அவுக மனசை எப்படி ஒடைக்கன்னு பேசாம இருந்துட்டேன். சித்திரை வெயில் தாழ்ந்த நேரம், அவ மக ஜன்னத்துல் பிர்தௌஸ் அவங்க பின்பக்கப் படியில உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்திருக்கா. நரி வந்து அவ கையில இருந்ததைப் பிடுங்கிட்டு. மணிக்கட்டுல பல் பட்டுட்டு. கடிக்கணும்னு கடிக்கல, ஆனா பட்ட பல்லு பட்டதுதானே. ஃபஹ்மிதா போட்ட சத்தத்துல முதல்ல ஓடுனது அப்பாதான். குழாயடியில சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, பிள்ளையைத் தோள்ல போட்டு ஆட்டோ பிடிச்சு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. காயத்தைச் சுத்தியே ஊசி போட்டாங்க. அந்தப் பிள்ளை அழுத அழுகையில அப்பா சுவரைப் பாத்துத் திரும்பி நின்னாக. தவணை ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சு, பிள்ளை நல்லா இருக்கா, நீ கவலைப்படாதே.

வனத்துறைக்காரங்க வந்து பாத்தாங்க. இதை அடிக்கவும் கூடாது, சோறு வைக்கவும் கூடாது, வைக்கிறதை நிப்பாட்டுனா மனுசப் பழக்கம் பையப்பைய விட்டுப்போகும்னு தன்மையாத்தான் சொன்னாங்க. அப்பா அன்னையோட நிப்பாட்டிட்டாக. தட்டையும் எடுத்துட்டாக. ஆனா அதுக்கு யாரு போய்ச் சொல்ல? சாயங்காலம் வந்து தட்டு இருந்த இடத்துல உக்காந்துக்கிடும். கதவு திறக்குமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். அப்பா உள்ள டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. ஒருநாள் கதவுக்கிட்ட வந்து நகத்தால பிராண்டுச்சு. நாங்க ரெண்டுபேரும் மூச்சுவிடாம உக்காந்திருந்தோம், கடன்காரனுக்குப் பயந்தவங்க மாதிரி. அந்நேரம் பாத்து எதுத்த வீட்டு டெனிஸ் வந்தான், தூத்துக்குடி துறைமுகத்துல வேலை பாக்கானே, அவன். பின்தெருவுல சிலபேரு கறியில விஷம் வைக்கப் பேசிக்கிட்டாங்க அண்ணாச்சி, வெடியைப் போட்டு வெரட்டிட்டா உசுராவது தப்பும், அது உங்களுக்குப் பழகுனது, நீங்க வெரட்டுனாத்தான் பயப்படும்னு சொல்லி, ரெண்டு மூணு லெட்சுமி வெடியைக் கையில குடுத்துட்டுப் போனான். அவன் சொன்னதுலயும் தப்பில்லய்யா.

மறுநாள் அது வந்து உக்காந்ததும் அப்பா ஊதுபத்தியைப் பத்தவச்சுக்கிட்டு வெளிய போனாக. வெடிகிட்ட பத்தியைக் கொண்டுபோயிட்டு, முடியலன்னு தலையை ஆட்டுனாக. நான் வாங்கிக்கிட்டேன். விஷத்தைத் தின்னு சாகுறதுக்கு இது பரவாயில்லன்னுதான் நெனச்சேன். திரியில பத்தவச்சு மாமரத்துப் பக்கமா தூக்கிப் போட்டேன், பக்கத்துல வெடிச்சா ஓடிரும்னு. அது ஓடல. எந்திரிச்சு, வாலைத் தாழ்த்திக்கிட்டு, வெடியைப் பாத்து நடந்து வந்தது. கிட்ட போய் மூக்கை வச்சது. நான் கத்துனேன், அப்பா கத்துனாக, ஆனா அது எங்க சத்தத்துக்குப் பயப்படாமப் பழகியிருந்துச்சே. வெடிச்சிட்டு. ஒருதரம் சுத்தி விழுந்து, எந்திரிச்சு, உடைமரத்துக்குள்ள ஓடிட்டு. மாமரத்தடியில கொஞ்சம் ரத்தம் கிடந்தது. அப்பா மண்ணை அள்ளிப் போட்டு அதை மூடுனாக. அப்புறம், “சாப்பாடுன்னு நெனச்சிட்டுது,” அவ்வளவுதான் சொன்னாக.

அதுக்கப்புறம் அது வரல. அப்பாவும் டெனிஸும் காட்டுக்குள்ள தேடிப் போனாங்க, ஓடைக்கரையில வளை ஒண்ணு தெரிஞ்சது, உள்ள குட்டிங்க சத்தம் கேட்டதுன்னு வந்து சொன்னாக. வனத்துறைக்குச் சொன்னோம், அவங்க வந்து பாக்கும்போது வளை வெறுமையாக் கிடந்துச்சு. தாய் இடம் மாத்திக் கொண்டு போயிருக்கும்னாங்க. அப்படித்தான் இருக்கும்னு நானும் சொல்லுதேன், அவுகளும் ஆமான்னு தலையாட்டுதாக. ரெண்டுபேருக்கும் தெரியாது. ஃபஹ்மிதா வந்து, நான் கதவைப் பூட்டி வச்சிருக்கணும் மாமின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அவளை என்ன சொல்ல, டெனிஸை என்ன சொல்ல, அப்பாவை என்ன சொல்ல. கோவப்படுறதுக்குக்கூட ஒரு ஆள் அகப்படல. அப்பா என்மேல கோவப்பட்டாலாவது நல்லா இருக்கும். ரெண்டு கவளம் சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிருதாக, கேட்டா பசியில்லங்காக. உங்க தோட்டத்துக்கு வார நரிக்குச் சாப்பாடு வைன்னும் எனக்குச் சொல்ல வரல, வைக்காதேன்னும் சொல்ல வரல எய்யா. நீங்க ரெண்டுபேரும் பாத்து எது சரியோ செய்ங்க.

விஜயஸ்ரீ முட்டி வலிக்குன்னு சொன்னாளே, தைலம் அனுப்புதேன், சூடுபண்ணித் தேய்க்கச் சொல்லு. நீங்க நோய்நொடி இல்லாம, வீடு நெறஞ்சு, நல்ல பேரோட வாழணும். ஞாயித்துக்கிழமை கூப்பிடும்போது அப்பா எங்கன்னு கேக்காதே. இப்ப நீ கூப்பிட்டாலே எந்திரிச்சு உள்ள போயிருதாக. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு, கொஞ்சம் உரக்கப் பேசு. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாக.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னத்தாய்