மூன்றாம் நம்பரின் கால்

3.2.2025

அன்பு மச்சான் குமாரவேலுக்கு,

இந்தத் தீவில் நான் நலம். திருவொற்றியூரில் மதியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள். பக்கத்துத் தெருவில் நீ இருப்பதால் என் மனைவிக்கு நிம்மதி மட்டும் இருக்காது.

கம்பெனி போனில் பேசினால் மேனேஜர் காதுக்குப் போகும். அதனால்தான் பேனாவும் கூரியரும்.

எங்கள் ஏர்லைன்ஸிடம் இரண்டு விசிறி வைத்த சீனா விமானங்கள் நான்கு. பறப்பது ஒன்று. மற்ற மூன்றும் அதற்கு உதிரிபாகக் கடை. இப்போது மூன்றாம் நம்பரின் சக்கரக்காலைக் கழற்றி முதல் நம்பருக்கு மாட்டியிருக்கிறோம். அந்தக் கால் இதுவரை எத்தனை முறை தரையிறங்கியது என்று காட்டும் அட்டையைக் காணோம்; கணக்கு மீறினால் கால் ஒடிந்துவிடும். "ஏதாவது ஒரு எண் எழுதிக் கையெழுத்துப் போடு" என்கிறான் மேனேஜர். போடாவிட்டால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயது மெக்கானிக்கை, இந்தத் தொப்பையோடு, வேறு யார் சேர்ப்பார்கள்?

மதியிடம் சொல்லாதே.

உன் நோயல்

11.2.2025

மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன். என்னை நம்பி ரகசியம் எழுதியது உன் தப்பு. "அந்தாளு கையெயுத்து போட்டாருன்னா வூட்டாண்ட வரவே வாணாம்னு எயுதுண்ணா" என்றாள் என் தங்கை. எழுதிவிட்டேன்.

அதென்ன ஷேர் ஆட்டோவா, சக்கரம் கழன்றால் ஓரம் கட்ட? எனக்கு வருகிற கோபத்தில் பேனா முள் வளைகிறது.

நான் மட்டும் யோக்கியனா? பதினோரு வருடத்துக்கு முன்னால் எண்ணூர் ஒர்க்‌ஷாப்பில், கிரேன் ரோப்பைப் பார்க்காமலே "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டவன் நான். அன்று பிரியாணி வந்திருந்தது. கை கழுவுகிற அவசரம். மதியமே ரோப் அறுந்து, கீழே நின்று சிக்னல் காட்டிய ஹெல்பர், சின்னப்பையன் என்று பெயர், அவனுடைய வலது கை போனது. இப்போது டோல்கேட்டில் ஒற்றைக் கையால் டீக்கடை நடத்துகிறான். எனக்கு மட்டும் டீயில் பாலேடு போட்டுத் தருவான். இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

கையெழுத்துப் போடாதே.

குமாரவேல்

20.2.2025

மச்சானுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் போட்டுவிட்டேன். 1,200 முறை என்று எழுதினேன். ஏன் அந்த எண் என்று கேட்காதே, பார்க்க லட்சணமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டவனும் முதல் பயணத்தில் ஏற வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஏறினேன். இறங்கும்போது, அந்த எண்ணை எப்படியாவது உண்மையாக்கிவிடு தாயே என்று மாதாவிடம் அழுதேன். நல்லபடியாக இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆகவே உபதேசத்தை நிறுத்து. பதினோரு வருடமாக அவன் கையால் ஏடு வாங்கித் தின்ற வாய்க்கு என்னைத் திட்ட என்ன தகுதி? மதி போனை எடுப்பதில்லை. குடும்பத்தைக் கெடுத்தவன் நீ.

நோயல்

28.2.2025

நோயலுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

தகுதி கேட்டாய். நேராகக் கடைக்குப் போய்ச் சின்னப்பையனிடம் சொன்னேன். கடை நிறைய ஆள்.

"இத்தினி வருசமா நான்தான் சிக்னல் தப்பா காட்டிட்டேன்னு நென்ச்சிகினு கீறேன். என் பொண்டாட்டி அத்தயே சொல்லி டெய்லி திட்டுது. நீ இன்னாடான்னா காலங்காத்தால வந்து டீ குட்ச்சிகினு கீறே!"

கிளாஸோடு டீ என் நெஞ்சில் விழுந்தது. கொப்புளம். புதுச் சட்டை வேறு. ஆற்றாத டீ என்று சொல்ல வாயெடுத்தேன், ஓட வேண்டியதாகிவிட்டது.

கை போன பிறகு சொன்னவன் நான். உன் விமானம் இன்னும் விழவில்லை. இன்றே கேப்டனிடம் சொல்.

குமாரவேல்

9.3.2025

மச்சான்,

சொன்னேன். கிளம்ப இருந்த கேப்டன் இறங்கிவிட்டார். பயணிகளையும் இறக்கிவிட்டார். மேனேஜர் என் பெட்டியை வெளியே வீசினான்.

நாற்பத்தெட்டு பேர். வேறு விமானம் இல்லை; அடுத்த கப்பல் வியாழக்கிழமை. ஒரு கல்யாணப் பெண், ஒரு பாதிரியார் உட்பட அத்தனை பேரும் வெயிலில் என்னைச் சுற்றி நின்று திட்டினார்கள். பாதிரியார் சொன்ன சில வார்த்தைகளை ராயபுரத்தில்கூட நான் கேட்டதில்லை.

உன்னை நேரில் வந்து திட்ட வேண்டும். அதே கப்பலில்தான் எனக்கும் இடம்.

தொண்டை கட்டும்வரை திட்டினார்கள், மச்சான். நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

நோயல்