பூனையை விட்டு நேரே கதைத்த நாள்

கிண்ணியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் அசனாவுக்கு உன் உம்மாவைப் பெற்ற மூத்தம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நீயும் அந்த வெளிநாட்டில் சுகமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போடாவிட்டால் யாருக்கும் கதை இறங்காது, இது நமக்குள் இருக்க வேண்டிய விசயம், அதுதான் பேனையை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துக் கோணினால் கூட்டி வாசி.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, உடுப்பு காய்வதற்கு முன்னம் மணல் ஏறிவிடுகிறது. இன்றைய நூறு ரூபாயும் அடுத்த வருசத்து நூறு ரூபாயும் ஒன்றல்ல, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று நீ சொன்னாயே, அதை நான் பக்கத்து வீடெல்லாம் சொல்லிவிட்டேன். கோதுமை மா வாங்குகிற எங்களுக்கு அது தெரியாதா என்கிறார்கள். தெரியும்தான், கணக்குப் போடத் தெரியுமா என்று கேட்டேன், பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை உன் பரீட்சை முடிவு போனில் வந்ததும் உம்மா சத்தமாக வாசித்தாள். நிதிப் பாடத்துக்கு பி, நாடகத்துக்கு ஏ, மட்பாண்டம் செய்வதற்கு ஏ. உன் வாப்பா கொட்பே துறைமுகத்தில் மீன் ஏலம் முடித்து வந்து அப்போதுதான் கதிரையில் இருந்தவர், திரும்ப வாசி என்றார், வாசித்தாள், எழுத்து மாறவில்லை. காசு விசயம் படிக்கிறன் எண்டு போன புள்ள அங்க சட்டி வனையிறாளா, சட்டி வனைய பிளேன் டிக்கட் எதுக்கு என்று கேட்டவர், அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த வருசத்துச் செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்ட உன் கல்லூரி கேட்ட வங்கிக் கடிதத்தில் கையெழுத்து வைக்க மாட்டாராம், உன்னைக் கூப்பிட்டுக் கொழும்பில் கணக்கியல் வகுப்பில் சேர்ப்பாராம். உம்மா அழுதாள். நான் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன், குற்றவாளி நான்தானே. எந்தப் பாடத்தை முதலாகப் படித்தாலும் நாடகம், மட்பாண்டம் மாதிரி வேறு பாடங்களும் படித்தால்தான் அங்கே பட்டம் தருவார்கள் என்று நீ போன முதல் மாதமே எனக்குச் சொன்னாய். வாப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டாய், வேண்டாம், அவருக்கு விளங்காது, பட்டம் கைக்கு வந்த பிறகு பார்ப்போம் என்று உன் வாயை அடைத்தவள் நான். 

உன் வாப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இருபத்துமூன்று வருசம், இந்தப் புதன்கிழமை வரை நாங்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மாமியும் மருமகனும் அப்படிக் கதைத்தால் அது மரியாதையா? நான் உன் உம்மாவிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். அவள் இல்லாத நேரம் பூனையிடம், பூனையே சோறு ஆறுது, சாப்பிட வரட்டாம் என்பேன், அவர் எழும்பி வருவார். இந்த வியாழன் உம்மா கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள், அந்த வங்கிக் கடிதம் அனுப்பக் கடைசி நாளோ வெள்ளிக்கிழமை. வேறு வழியில்லாமல், கதிரையில் இருந்த உன் வாப்பாவின் காதில் விழும்படி, பூனையே, அசனா படிக்கிற இடத்தில ஒரு சட்டம் இருக்கு என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் மீன் கூடை இறங்கியது, பூனை பாதிக் கதையில் எழும்பிப் போய்விட்டது. நான் என்ன செய்ய, முக்காட்டை இழுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று, மருமகன் என்று கூப்பிட்டேன். அவர் துள்ளி எழும்பித் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மருமகன், புள்ளையில ஒரு பிழையும் இல்ல, அங்க அதையும் படிச்சாத்தான் பட்டமாம், உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு மறைச்சது நான், கோவமெண்டா என்னோட கோவிங்க, புள்ளைட படிப்ப நிப்பாட்டாதீங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். 

உன் வாப்பா தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு, மாமி, அந்த பி எண்டா என்ன என்று கேட்டார். ஏக்கு அடுத்தது, நான் அஞ்சாம் வகுப்பு, அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க என்றேன். உன் வாப்பா சிரித்தார், மகள். பிறகு, புள்ள செஞ்ச சட்டி ஒழுகாதா என்று கேட்டார். ஏ போட்ட ஆளுக்குத்தான் தெரியும் என்றேன். அலுமாரிக்கு மேலிருந்த கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்து மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார், காலையில் அனுப்பியும் விட்டார்.

மீன் லொறி ஓட்டுகிற இன்பாஸ் நேற்று வந்து ஒரு கதை சொன்னான். பரீட்சை முடிவோடு நீ போனில் அனுப்பின சட்டிப் படத்தை வாப்பா ஏலக்காரர்களிடம் காட்டினாராம், அவர்கள் பகிடிக்கு ஐந்நூறில் தொடங்கி ஏலம் கூவினார்களாம், ஐயாயிரம் வரை ஏறியதாம். இது விக்கிற சாமான் இல்ல, எண்ட மகள்ட சட்டி என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். வாப்பா இதை எனக்குச் சொல்லவில்லை, நாங்கள்தான் கதைப்பதில்லையே.

வெள்ளிக்கிழமை முதல் நான் திரும்பவும் பூனையோடுதான் கதைக்கிறேன், எனக்கு அதுதான் லேசு. உனக்கு இடையில் பூனையும் வேண்டாம், மூத்தம்மாவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வாப்பா சாப்பிட்டு இருக்கிற நேரம் நீயே போன் எடுத்து, அடுத்த வருசம் என்ன என்ன படிக்கப் போகிறாய் என்று ஒன்று விடாமல் அவரிடம் சொல்லு. அந்த பியையும் கொஞ்சம் கவனி. அல்லாஹ் உன் அறிவையும் ஆயுசையும் கூட்டித் தருவானாக. வரும்போது சட்டியை உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டு வா, உடைத்துவிடாதே, அதில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு ஆள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உன் மூத்தம்மா,
ராவியா உம்மா.